கட்டை அவன் பையில் இருந்தது

வேண்டாமுங்க, மேல வைக்க வேண்டாம். மடியிலயே இருக்கட்டும். கனம் ஒண்ணும் இல்லீங்க, அரைக்கிலோகூட வராது. மேல வச்சா இந்த டிரைவர் போடற பிரேக்குக்கு உருண்டு விழுந்துரும். உங்க கையில இடிக்குதுங்களா? இடிச்சாச் சொல்லிப்போடுங்க, இந்தப் பக்கமா நகத்திக்கறேன்.

எங்கீங்க எறங்கறீங்க? உடுமலைங்களா? நல்லதாப் போச்சு. நான் அதுக்கு முன்னாடியே மில் கேட்டுல எறங்கிக்குவேன். எப்படியும் ஒன்றரை மணி நேரம் ஆகும், பேசிக்கிட்டே போலாம். பேசாம சும்மா உக்காந்துக்கிட்டு வர்றது இப்பெல்லாம் எனக்கு ஆகறதில்லீங்க.

இதுங்களா? மிஷினுங்க. காலுக்குக் கரண்ட் குடுக்கற மிஷின். அட, நெசமாத்தானுங்க சொல்றேன். சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோ சைஸ்தான் இருக்கும். ரெண்டு திருகு, நாலு ஒயர், ஒயர் நுனியில தோல்மேல ஒட்டற பேடு. பேடைத் தொடையில ஒட்டித் திருகைத் திருப்புனா, அசையாத கால் எந்திரிச்சு உதைக்கும். என்ற கண்ணால பாத்தது. பாத்தது என்னங்க, ரெண்டு வருசமா திருகைத் திருப்பறதே நாந்தான்.

எனக்கில்லீங்க. எனக்குக் காலு கல்லாட்டம் இருக்குது. மயில்சாமின்னு ஒரு பையனுக்கு. பையன்னா, முப்பது வயசு. கல்யாணம் ஆனவன். மில்லுல என்ற கீழ ஒயர்மேனா இருந்தான். நான் அங்க எலெக்ட்ரிக்கல் போர்மேன். அர்த்தநாரின்னு பேரு. பேரைச் சொன்னா மில்லுல பாதிப் பேருக்குத் தெரியாது, போர்மேன்னு சொன்னாத்தான் தெரியும். முப்பத்தோரு வருச சர்வீஸ், ஒரு ரிமார்க் கெடையாது. யார வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.

அவன் கம்பத்துல இருந்து விழுந்துட்டானுங்க. நடு முதுகு. கீழ பழைய அடிபம்புக் கல்லு ஒண்ணு கெடந்துச்சு, அதுமேல. நெஞ்சுக்குக் கீழ ஒண்ணும் இல்லாமப் போச்சு. கிள்ளுனாத் தெரியாது, சுட்டாத் தெரியாது. ஒண்ணுக்குப் போறதுகூடத் தெரியாது.

பெரிய டாக்டரு படமெல்லாம் காட்டிச் சொன்னாரு. எனக்குப் படம் வேண்டீதில்லைங்க. கேபிள் போச்சு, அவ்வளவுதான். பேனல் நல்லா இருக்குது, மோட்டார் நல்லா இருக்குது, நடுவுல மெயின் கேபிள் நசுங்கிப்போச்சு. அங்கிருந்து இங்க சப்ளை வர்றதில்லை. அதைத்தான் அந்த டாக்டர் முக்கால் மணி நேரம் சொன்னாரு.

மூணு மாசம் கோயமுத்தூர்ல ஒரு சென்டர்ல வச்சிருந்தாங்க. அங்க பிசியோதெரபி அம்மிணி ஒண்ணு, ஜெசிந்தான்னு பேரு, கெட்டிக்காரப் பிள்ளை. அதுதான் இந்த மிஷினைக் கொண்டாந்துச்சு. பேடை ஒட்டுச்சு, திருகைத் திருப்புச்சு. மயில்சாமி காலு படுக்கையில இருந்து மெதுவா எந்திரிச்சு நீண்டுச்சுங்க. அவன் பொஞ்சாதி கோகிலா வாயைப் பொத்திக்கிட்டு அழுதுச்சு. நான் வெளிய வந்துட்டேன். வராந்தாவுல குழாய்த் தண்ணியைக் குடிச்சுக்கிட்டு நின்னேன். சந்தோசம்தானுங்க.

அம்மிணி விவரமாச் சொல்லுச்சு. "அண்ணா, கேபிள்னு நீங்க சொல்றது சரிதான். கேபிளை இது ஒட்ட வைக்காது. நேரா மோட்டாருக்குச் சப்ளை குடுக்குது, அவ்வளவுதான். சதை வத்தாம இருக்கும், ரத்தம் ஓடும், படுக்கைப் புண்ணு வராம இருக்க உதவும். சில பேருக்குக் கேபிள்ல நாலஞ்சு நரம்பு மிச்சம் இருக்கும், அவங்களுக்கு நடக்கறதுக்குக்கூட உதவும். இவருக்கு அப்படி இல்லை. இவர் நடப்பாருன்னு யாருக்கும் சொல்லாதீங்க"ன்னு சொல்லுச்சு.

அது சின்னப் பிள்ளை. அதுக்கென்னங்க தெரியும்? சப்ளை குடுத்தா ஓடற மோட்டார் நல்ல மோட்டார். நான் எல்லார்த்துக்கிட்டயும் சொல்லியிருக்கேன், மயில்சாமி நடப்பான்னு. நடக்கோணும். நடந்துட்டா... நடந்துட்டா எல்லாம் சரியாப் போயிருமில்லைங்களா.

ஏன் விழுந்தான்னு கேக்கறீங்க. கேப்பீங்க, எல்லாரும் கேக்கறதுதான். சப்ளை வந்துருச்சுங்க. ரிட்டன் சப்ளை. உங்களுக்குப் புரியற மாதிரிச் சொல்றேன். லைனை நாம ஆஃப் பண்ணி வச்சிருப்போம். எவனாச்சும் ஒருத்தன் ஊட்டுல ஜெனரேட்டரைப் போட்டுருவான். கனெக்சன் ஒழுங்கா இல்லீன்னா அந்தக் கரண்டு பின்னால ஓடி லைனுக்கு வந்துரும். கம்பத்துல இருக்கறவன் தொலைஞ்சான். குவார்ட்டர்ஸ்ல அசிஸ்டென்ட் மேனேஜர் ஊட்டுல ஜெனரேட்டர் ஒண்ணு இருந்துச்சு. அது அன்னைக்கு ஒர்க்‌ஷாப்புல கெடந்துச்சுன்னு வாட்ச்மேன் ஒருத்தன் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். வாட்ச்மேனுக்கு என்னங்க தெரியும் ஜெனரேட்டரைப் பத்தி. ரிட்டன் சப்ளைன்னுதான் ரிப்போர்ட்டு. நாந்தான் எழுதுனேன்.

ஏன்னா வேற மாதிரி வர்றதுக்கு வழியே இல்லீங்க. அது நான் போட்ட ரூலு. லைன்ல வேலைன்னா மொதல்ல பேனல் ரூமுல மூணு பீஸ் கட்டையையும் உருவோணும். பாத்திருப்பீங்களே, வெள்ளைப் பீங்கான்ல இருக்கும், உள்ள பீஸ் கம்பி போட்டிருப்பாங்க. அந்த மூணையும் அங்கயே வச்சிட்டு வரக்கூடாது. யாரு கம்பத்துல ஏறறானோ அவன் பையில அது இருக்கோணும். ஏறறவன் எறங்கி, அவன் கையாலயே கொண்டாந்து சொருகோணும். மயில்சாமி வேலைக்குச் சேந்த அன்னைக்கே சொன்னேன். "மயிலு, கட்டை உன்ற பையில இருக்கற வரைக்கும் எமன்கூடக் கிட்ட வரமாட்டான்"னு. அந்தப் பேச்சு மில்லு பூராத் தெரியும். சின்னச் சின்னப் பசங்ககூடச் சொல்லிக் காட்டுவாங்க.

அன்னைக்கும் மூணு கட்டையும் அவன் பேன்ட் பையிலதான் இருந்துச்சு. ஆஸ்பத்திரியில துணியைக் கத்தரிச்சு எடுத்து, கட்டையோட ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் கோகிலா கையில குடுத்துட்டாங்க. அது வாங்கிக்கிட்டு வந்து எங்க வச்சிருக்குதுங்கறீங்க? சாமி படம் இருக்கற அலமாரியில. பழனியாண்டவர் படத்துக்குப் பக்கத்துல, திருநீறு டப்பாவை நகத்திப்போட்டு. மில்லுச் சாமானுங்க அது! திருப்பிக் குடுத்திரு அம்மிணின்னு ரெண்டு தடவை சொன்னேன். "இருக்கட்டுங்கண்ணா"ன்னு சொல்லிப்போட்டு உள்ள போயிருச்சு. நான் போறப்பெல்லாம் அந்த மூணும் அங்க இருக்கும். மிஷினை வச்சுத் திருப்பறேன், நிமிந்தா எதுத்தாப்ல அதுதான். பாக்கக் கூடாதுன்னு நெனச்சா அதைத்தான் கண்ணு பாக்குது.

தண்ணி இருந்தா ஒரு வாய் குடுங்க. ரொம்ப நல்லதுங்க.

நான் ரிட்டையர் ஆயி ஒன்றரை வருசம் ஆச்சு. சைக்கிள்ல ஆறு கிலோமீட்டர், காலைல ஒருக்கா, பொழுதோட ஒருக்கா. மழையாவது காத்தாவது, ஒரு நாள் தவறுனதில்லை. என்ற மக கல்யாணத்தன்னைக்குக்கூடத் தாலி கட்டுனதும் ஓடிப் போயி அவனுக்கு மிஷின் வச்சிட்டுத்தான் பந்திக்கு வந்தேன். சம்பந்தி ஊட்டுல ஒரு மாதிரியாப் பேசிட்டாங்க. பேசட்டும். எவன் செய்வான் இத்தனை? சொந்த அண்ணன் தம்பி செய்வானா?

செஞ்சு என்னங்க பிரயோசனம். ரெண்டு வருசம் அந்தப் பையன் என்ற கூட ஒரு வார்த்தை பேசலை. அதுதானுங்க எனக்குப் பொறுக்கலை. பேச்சு வராதவன் இல்லை. கோகிலா கூடப் பேசறான், ஜெசிந்தா அம்மிணி கூடப் பேசிச் சிரிக்கறான். சக்கர நாற்காலியில உக்காந்துக்கிட்டு ஊருல இருக்கற மிக்சி, மோட்டார் எல்லாம் வாங்கி வைண்டிங் கட்டிக் குடுக்கறான். கை அவ்வளவு சுத்தம். வர்றவங்க கூடப் பேரம்கூடப் பேசறான். நான் உள்ள காலை வச்சா வாயை மூடிக்குவான். திட்டுனாக்கூடப் பரவாயில்லை. திட்டுனா நான் பதிலுக்கு ஒண்ணு சொல்லலாமில்லைங்களா.

அம்மிணி ஒரு சட்டம் போட்டிருந்துச்சு. மிஷினை ஆன் பண்றதுக்கு முன்னால கேக்கோணும். "அவருக்குக் கால் தெரியாது, அதனால நீங்க கேட்டுத்தான் போடோணும். 'போடட்டுமா'ன்னு கேளுங்க, அவர் சரின்னு சொல்லட்டும், பொறவு போடுங்க. அது அவர் கால்"னு. நானும் கேப்பேன். "போடட்டுமா மயிலு?" அவன் வாயைத் தொறக்க மாட்டான், கண்ணை ஒருக்கா மூடித் தொறப்பான். அதுதான் சரிங்கறதுக்கு அர்த்தம். நான் திருப்புவேன். காலு எந்திரிக்கும், விழும். எந்திரிக்கும், விழும். அரை மணி நேரம்.

அந்தக் கால் எந்திரிக்கறப்போ எனக்கு ஒண்ணு ஞாபகம் வரும். கல்லுமேல விழுந்து கெடந்தானில்லைங்களா, நான் போயிச் சேர்றப்போ ரெண்டு காலும் ஒரு துள்ளு துள்ளுச்சு. ஒரே ஒருக்கா. அதுக்கப்பறம் இல்லை. மிஷின்ல துள்ளறது அச்சு அசல் அதே மாதிரிங்க. ஒரு நாளைக்கு அறுபது தடவை, எழுபது தடவை. நானே திருப்பி, நானே பாத்துக்கிட்டு இருக்கறேன்.

ஊட்டுல நான் சுவிட்சு தொடறதில்லைங்க. ரிட்டையர் ஆனவனுக்கு என்னத்துக்குன்னு உட்டுட்டேன். என்ற ஊட்டுக்காரி பொழுதோட கோயிலுக்குப் போயிட்டா, அவ வர்ற வரைக்கும் இருட்டுலயே உக்காந்திருப்பேன். "ஊருக்கெல்லாம் வெளக்குப் போட்ட போர்மேன் ஊட்டுல இருட்டா"ன்னு பக்கத்து ஊட்டுக்காரங்க கேலி பேசுவாங்க. காத்தோட்டமா இருக்கட்டும்னு உக்காந்திருக்கேன்னு சொல்லுவேன். அவ வந்து போடற வரைக்கும் அந்தச் சுவிட்சுப் பக்கம் திரும்பறதில்லை. சும்மாத்தானுங்க, ஒரு பழக்கம்.

பேடுதானுங்க இத்தனைக்கும் காரணம். சொல்றேன்.

போன மாசிக்கு எங்க பழைய மேனேஜர் வந்திருந்தாரு, மயில்சாமியைப் பாக்கறதுக்கு. மெனக்கெட்டு வந்ததில்லை, பொள்ளாச்சியில ஒரு கல்யாணம், போற வழி. ஒரு பை ஆரஞ்சு. கார் ரோட்டுல நிக்குது. உக்காரக்கூட இல்லை. "என்னப்பா போர்மேன், கால் ஆடுதாமே? காட்டு, காட்டு, நேரமாச்சு"ன்னாரு. கோகிலா காப்பி வைக்கப் போயிருந்துச்சு. அவர் நேரமாச்சுன்னு சொன்னா என்ற கை தானா ஓடுமுங்க. முப்பது வருசப் பழக்கம். டக்குனு பேடை ஒட்டுனேன், திருகைத் திருப்புனேன்.

கேக்கலீங்க. ஆமா, கேக்கலை. ஒரு நாள், ஒரே ஒரு நாள் கேக்கலை.

பேடு காஞ்சு போயி ஓரம் தூக்கிக்கிட்டு இருந்துச்சு. அதைப் பாத்திருக்கோணும். பேடு பூரா ஒட்டுனாக் கரண்டு பரவிப் போகும், ஒரு ஓரம் மட்டும் ஒட்டுனா அந்த எடத்துல சுட்டுப்போடும். எனக்குத் தெரியாததா? திருகுல இதுக்கு மேல போகக் கூடாதுன்னு அம்மிணி நகப் பாலீஷ்ல செவப்பா ஒரு கோடு போட்டிருந்துச்சு. கால் சரியா எந்திரிக்கலை, மேனேஜர் வாட்சைப் பாக்கறாரு. கோட்டைத் தாண்டித் திருப்பிட்டேன். கால் எந்திரிச்சு ஒரு உதை உதைச்சுதுங்க, மேனேஜர் ரெண்டு அடி பின்னால போயிட்டாரு. "பலே"ன்னாரு. எனக்கும் பெருமையா இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது.

அப்பத்தான் மயில்சாமியைப் பாத்தேன். அவன் காலைப் பாக்கலீங்க. என்ற கையைப் பாத்துக்கிட்டு இருந்தான்.

பேடை எடுத்தா, சுண்டைக்காய் அளவுக்கு வெளுத்திருந்துச்சு. மறுநாள் கறுத்துப்போச்சு. அவனுக்கு ஒண்ணும் தெரியாது, வலிக்காது. அந்த மாதிரி ஒடம்புல புண்ணு வந்தா லேசுல ஆறாதுங்க. ரெண்டு மாசம் ஆச்சு. ரெண்டு மாசமும் நான் போனேன், காலைல, பொழுதோட. கோகிலா வாசல்லயே நின்னு, "இன்னைக்கு வேண்டாங்கண்ணா"ன்னு சொல்லும். நான் செருப்புக்கூடக் கழட்டாம நின்னுட்டுத் திரும்பிருவேன். உள்ள வைண்டிங் மிஷின் சுத்தற சத்தம் மட்டும் கேக்கும்.

பேடுதான் காரணம்னு அம்மிணிகிட்டச் சொன்னேன். பேடு மட்டமான பேடுன்னு. அது என்னைய ஒண்ணும் வையலை. "மேனேஜர் கேட்டா உடனே போட்டுருவீங்களா அண்ணா?"ன்னு மட்டும் கேட்டுச்சு. சாதாரணமாத்தான் கேட்டுச்சு. எனக்கு அன்னைக்குப் பூரா சோறு எறங்கலை.

புண்ணு ஆறுனதும் ஆள் உட்டுக் கூப்பிட்டாங்க. போனேன். மயில்சாமி நாற்காலியில உக்காந்திருக்கான். மேசைமேல இந்த மிஷின். என்னைப் பாத்துக்கிட்டே பின்னால மூடியைக் கழட்டுனான். உள்ள இருந்த பேட்டரியை எடுத்தான். சின்னது, ஒம்பது வோல்ட்டு, தீப்பெட்டி அளவு இருக்கும். அதைச் சட்டைப் பையில போட்டுப் பட்டனைப் போட்டுக்கிட்டான். பொறவு வாயைத் தொறந்தானுங்க. ரெண்டு வருசம் கழிச்சு.

"இனிமே இது என்ற பையில இருக்கட்டுங்கண்ணா. நான் எடுத்துக் குடுத்தா நீங்க போடுங்க. முடிஞ்சதும் எனக்கே குடுத்துருங்க. நீங்க சொல்லிக் குடுத்ததுதானுங்களே."

அவ்வளவுதான். ரெண்டு வருசம் ஒழைச்சதுக்கு மொதல் வார்த்தை இது! ஒரு 'நல்லா இருக்கீங்களா' கெடையாது. 'உங்களால முடியலீன்னா உடுங்கண்ணா'ன்னு கெடையாது. பேட்டரி என்ன பீஸ் கட்டைங்களா? ஒம்பது வோல்ட்டுல எவனாச்சும் செத்திருக்கானா? கோகிலா பாத்துக்கிட்டு நிக்குது, நான் கையை நீட்டோணும், அவன் பட்டனைக் கழட்டி எடுத்துக் குடுப்பான். முடிஞ்சதும் அவன் கையை நீட்டுவான், நான் குடுக்கோணும். முப்பத்தோரு வருசம் போர்மேனா இருந்தவன், சின்னப் பிள்ளை பரிச்சைப் பேப்பர் குடுக்கற மாதிரி குடுக்கோணும். இப்பக்கூடப் பாருங்க, மிஷினை சென்டருக்குக் கொண்டு போயி செக் பண்ணிப் புதுப் பேடு வாங்கிட்டு வாங்கன்னு குடுத்து உட்டானே, பேட்டரியைக் கழட்டி வச்சுக்கிட்டுத்தான் குடுத்து உட்டான். வெறும் டப்பாதான் என்ற மடியில இருக்குது.

இன்னைக்கு ஜெசிந்தா அம்மிணிகிட்டச் சொல்லிப் பொலம்புனேன். அது, "அண்ணா, அவர் உங்களை வர வேண்டாம்னு சொல்லலையே"ன்னுச்சு. "மிஷின் வைக்க நான் கோகிலாவுக்குப் போன வருசமே சொல்லிக் குடுத்துட்டேன். கோகிலா நல்லா வைக்கும். நீங்கதான் வைக்கோணும்னு அவர்தான் சொன்னாரு. ஏன்னு எனக்குத் தெரியாது"ன்னுச்சு.

எனக்கும் தெரியலீங்க. வேண்டாம்னா வேண்டாங்கலாமில்லை? ஏன் என்னையே வைக்கச் சொல்றான்? ரெண்டு வேளையும் என்ற கையிலயே ஏன் குடுக்கறான்? பஸ்ஸு ஏறுனதுல இருந்து அதைத்தான் யோசிச்சுக்கிட்டு வந்தேன். உங்ககிட்டப் பேச ஆரம்பிச்சதே அதை யோசிக்கக் கூடாதுன்னுதான்.

இந்தா, பொள்ளாச்சி தாண்டியாச்சு. நெருங்கிட்டோம்.

ஒரு விசயம் சொல்றேன், சிரிப்பீங்க. நான் லேசுப்பட்ட ஆள் இல்லீங்க. இந்தச் சட்டைப் பையில பாருங்க. பாத்தீங்களா? ஒம்பது வோல்ட்டு. புதுசு. சென்டர்ல இருந்து வர்ற வழியில கோயமுத்தூர் டவுன்ஹால்கிட்ட எறங்கி வாங்கிட்டேன். அவன் ஒண்ணு வச்சுக்கட்டும், நானொண்ணு வச்சுக்கறேன். அவனுக்குத் தெரிய வேண்டீதில்லை. ஒரு நாளைக்கு அவன் பாத்ரூம்ல இருப்பான், தூங்கிக்கிட்டு இருப்பான், எனக்கு நேரமாகும். அவன் எடுத்துக் குடுக்கற வரைக்கும் காத்துக்கிட்டு நிக்க முடியுமா? ஸ்பேர் இல்லாதவன் என்னங்க போர்மேன். என்ற டிராயர்ல எப்பவும் எல்லாத்துலயும் ஒரு செட்டு ஸ்பேர் இருக்கும். பல்பு, பெல்ட்டு, பீஸ் கட்டை, எல்லாமே...

ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க?

இல்லீங்க. நீங்க என்னமோ நெனச்சுக்கிட்டீங்க. ஸ்பேருங்கறது அவசரத்துக்கு. அன்னைக்கும் அவசரம்தானுங்க. கெஸ்ட் ஹவுஸுல ஹெட் ஆபீஸ்காரர் ஒருத்தர் மேலுக்கு சோப்புப் போட்டுக்கிட்டு நிக்கறாரு, டேங்க்குல தண்ணி இல்லை, மோட்டார் போடக் கரண்டு இல்லை. மேனேஜர் மூணு தடவை போன் பண்ணிட்டாரு. நான் பேனல் ரூம் சன்னல் வழியாப் பாத்தேன். கம்பத்துல ஆள் இல்லை. சத்தியமா இல்லீங்க, அவன் ஏறுன கம்பத்துல ஆள் இல்லை. எறங்கி டீ குடிக்கப் போயிட்டான், கட்டையைப் பையில போட்டுக்கிட்டுத் திரியறான், வரட்டும் அவனைன்னு நெனச்சேன். அடுத்த கம்பத்துல ஏறியிருப்பான்னு... வேப்பமரம் மறைச்சிருந்துச்சுங்க. அந்தப் பக்கம் பத்தடி நடந்து பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். பத்தே அடி.

டிராயரைத் தொறந்தேன். ஸ்பேர் கட்டை மூணு. சொருகுனேன்.

ஒரு சத்தம் கேட்டுச்சு. பெரிய சத்தம் இல்லை, மூட்டை விழுந்த மாதிரி. உடனே உருவிட்டேன். உருவி, டிராயருக்குள்ள போட்டு, டிராயரைச் சாத்திப் பூட்டுனேன். பொறவுதான் ஓடுனேன். மொதல்ல டிராயரு, பொறவுதானுங்க அவன். நான் போயிச் சேர்றப்போ அந்தக் காலு துள்ளுச்சுன்னு சொன்னேனே. பூட்டாம ஓடியிருந்தா இன்னும் சித்தெ முன்னாடி போயிருப்பேன். போயிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காதுன்னு டாக்டர் சொல்றாரு. ஆனாப் பூட்டிட்டுத்தானுங்க போனேன்.

அவனுக்குத் தெரியும். கட்டை அவன் பையில இருந்துச்சே. கோகிலாவுக்கும் தெரியும். ரெண்டு வருசமா ரெண்டு பேரும் நான் சொல்றதுக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க. இல்லைங்களா? நீங்க சொல்லுங்க. அதுக்குத்தானே என்னையே வைக்கச் சொல்றான்? நான் என்னடான்னா டவுன்ஹால்ல எறங்கி...

மில் கேட்டு, மில் கேட்டு எறங்கோணுமுங்க. கண்டக்டர், ஒரு நிமிசம்.

இந்தாங்க. இதைப் பிடிங்க. உங்க ஊட்டுல டெஸ்டருக்கோ என்னத்துக்கோ ஆகும், ஆகலீன்னாத் தூக்கி எறிஞ்சுருங்க. என்ற பையில வேண்டாமுங்க. இப்ப நான் அந்த ஊட்டுக்குள்ள போகோணும். ஒண்ணு சொல்லோணும் அவன்கிட்ட, போடறதுக்கு முன்னால. இதைப் பையில வச்சுக்கிட்டு எனக்குச் சொல்ல வராது.

பிடிங்க, சாமி. கெட்டியாப் பிடிங்க. எறங்கறப்போ நானே திருப்பிக் கேட்டாலும் குடுத்துராதீங்க.